சாமர்த்தியத்துக்குச் சான்றாள்

ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிய வேண்டுமானால் மற்ற ஊர்க்காரர்கள் அகராதியைப் புரட்டுவார்கள். இந்த ஊரில் ஓர் ஆளைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அதற்கென்றே மூன்று மாடிக் கட்டடம், வாசலில் காவலாளி, ஆளுக்கொரு சுழல் நாற்காலி, தலைக்கு மேலே சுழலாத மின்விசிறி எல்லாம் வைத்து ஒரு வாரியம் நடக்கிறது. சொற்பொருள் வாரியம் என்று பெயர்.

வாரியத்தின் முதல் தலைவர் ஒரு கொள்கைக்காரர். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாக எழுதுவது வம்பு பேசுவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. இவனைப் பற்றி அவனிடம் கேட்டு, அவனைப் பற்றி இவனிடம் கேட்டால் விசாரணை எங்கே உருப்படும்? ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் உயிரோடு நடமாடும் ஓர் ஆளைச் சாட்சியாக நியமிக்க வேண்டும் என்று விதி செய்துவிட்டுக் கண்ணை மூடினார். அப்படி நியமிக்கப்படுகிறவருக்குச் சான்றாள் என்று பெயர். கஞ்சத்தனத்துக்கு ஒரு மளிகைக்கடைக்காரர் அகப்பட்டார். கோபத்துக்கு நியமிக்கப்பட்டவர் உத்தரவைப் படித்துவிட்டு வாரியத்தின் மேசை ஒன்றை உடைத்தார். உத்தரவு அங்கேயே உறுதியானது. அசமந்தத்துக்குத் தேர்வானவர் கையெழுத்துப் போட இன்னும் வரவில்லை. அதனால் அந்தச் சொல்லுக்கு இன்றுவரை பொருள் கிடையாது. வாரிய ஊழியர்கள் யாரையும் அசமந்தம் என்று திட்டவும் சட்டத்தில் இடமில்லை.

இப்படியே 'அ'வில் தொடங்கிய அகராதி, இரண்டு தலைமுறை அதிகாரிகள் ஓய்வு பெற்றுப் போன பிறகு 'சா'வுக்கு வந்து சேர்ந்திருந்தது. அங்கே 'சாமர்த்தியம்' வண்டியை நிறுத்திவிட்டது. ஆள் கிடைக்கவில்லை. சாமர்த்தியசாலி என்று பெயரெடுத்த யாரைத் தேடிப் போனாலும், வாரியத்து ஆட்கள் தேடுகிறார்கள் என்ற சேதி அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து, வீடு பூட்டிக் கிடந்தது. அகப்பட்டவன் எவனும் சாமர்த்தியசாலி இல்லை. இது வாரியத்துக்கே புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

குழாய்க்காரர் அகப்பட்டது முழுக்க வாரியத்தின் குழாயால்தான். இரண்டாம் மாடிக் கழிவறையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். புது வளையத்துக்கான கோப்பு மேசை மேசையாகப் போய், 'வளையம்' என்ற சொல்லுக்கு அகராதி இன்னும் வந்து சேரவில்லை, பொருள் தெரியாத பொருளை வாரியம் வாங்க முடியாது என்ற குறிப்போடு திரும்பியிருந்தது. குழாய்க்காரருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு வீட்டு வேலை பாக்கி. காலில் கிடந்த பழைய ரப்பர் செருப்பில் குதிகால் பக்கமாக ஒரு வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டு, உள்ளே வைத்து முடுக்கினார். ஒழுகல் நின்றது.

கை கழுவ வந்த பிரிவு அதிகாரி இதைப் பார்த்துவிட்டார். "அட, என்ன சாமர்த்தியம்யா உனக்கு!" என்றார்.

மனிதர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் பணி நேரத்தில் வாரிய அதிகாரியின் வாயிலிருந்து விழும் எந்தச் சொல்லும் அதிகாரபூர்வமான பயன்பாடு. பக்கத்துக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். கேட்டவர் பாதியில் எழுந்து ஓடி வந்து சாட்சி சொன்னார். நின்று கிடந்த வண்டி நகர்ந்துவிட்டது.

இரண்டு சிப்பந்திகளும் ஒரு புகைப்படக்காரரும் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். குழாய்க்காரர் சட்டையில் குத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். குழாய்க்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மனைவிக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

"உங்களுக்கா? சாமர்த்தியத்துக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். "எங்கம்மா சாகும்போதுகூட 'மாப்பிள்ளை நல்லவருதான், சாமர்த்தியம் போதாது'ன்னு சொல்லிட்டுத்தானே செத்தாங்க. இப்ப இருந்திருந்தா இன்னொரு தரம் செத்திருப்பாங்க."

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த வீட்டில் எதுவும் இருமலில்தான் முடியும். மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை, வெயில் எட்டிப் பார்க்காது. சுவரெல்லாம் ஈரம். மாட்டி வைத்த துணியைத் தொட்டால் அப்போதுதான் துவைத்துப் போட்டதுபோல் சில்லென்றிருக்கும். அவளுக்கு மூச்சு இழுப்பு வந்து நாலு வருஷமாகிறது. ஊருக்கெல்லாம் ஒழுகலை நிறுத்துகிற மனுஷனுக்குத் தன் வீட்டுச் சுவரில் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரரோ, சௌகரியப்படாவிட்டால் காலி பண்ணலாம் என்று சொல்வதோடு தன் பொறுப்பை முடித்துக்கொண்டார்.

அதற்கெல்லாம் விடிவு வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய்ப் பராமரிப்புக்கு ஒரு நிரந்தர வேலை காலியாகியிருந்தது. வேலையோடு ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு. முதல் மாடி, இரண்டு பக்கமும் ஜன்னல். ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர் குழாய்க்காரரின் வேலையைப் பல வருஷமாகப் பார்த்தவர். "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேந்துருங்க" என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மனைவி அன்றிலிருந்தே பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போதெல்லாம் சமைக்க வேண்டுமானால் பெட்டியைப் பிரித்து எடுத்துச் சமைத்து, கழுவித் திரும்பப் பெட்டியில் வைக்கிறாள்.

பதக்கம் வந்த வாரம், நிரந்தர வேலை பற்றிக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண்காணிப்பாளர் தலையைச் சொறிந்தார்.

"உங்களைச் சேத்துக்க எனக்கு ஒண்ணும் ஆட்சேபணையில்ல. ஆனா நீங்க இப்ப சான்றாள். வாரியத்தோட உடைமை. ஒரு துறையோட உடைமையை இன்னொரு துறை எப்படி எடுத்துக்கறது? வாரியத்துல விடுவிப்பு வாங்கிட்டு வந்துருங்க. மாசக் கடைசி வரைக்கும் எடத்தை வச்சிருக்கேன்."

"உடைமையா? நான் என்ன சார் பீரோவா?"

"பீரோவா இருந்தா சுலபம். கண்டம் பண்ணி ஏலத்துல தள்ளிடலாம்."

வேலியிலே போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. இதற்குள் தெருவிலும் நிலைமை மாறியிருந்தது. பத்து வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அடுக்குமாடிச் செயலாளர் வாசலிலேயே நிறுத்தினார். "தப்பா நினைக்காதீங்க. முன்னாடி நீங்க வெறும் குழாய்க்காரர். இப்ப சாமர்த்தியசாலின்னு பேப்பர்லயே போட்டுட்டான். சாமர்த்தியசாலியை வீட்டுக்குள்ள விட்டா பொம்பளைங்க பயப்படறாங்க." வழக்கமாக வால்வு வாங்கும் கடைக்காரர், இவர் உள்ளே வந்ததும் கல்லாவை இழுத்து மூடினார். பாராட்டுதான், யாரும் திட்டவில்லை. எல்லாரும் பாராட்டிவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

குழாய்க்காரர் வாரியத்துக்குப் போனார். இரண்டாம் மாடி நடையில் ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு முனையில் ஓர் அம்மாள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழாய்க்காரர் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"நீங்க யாரைப் பாக்க வந்தீங்கம்மா?"

"பிரிவு அதிகாரியை."

"ரொம்ப நேரமா?"

"நேரமா?" என்று அந்த அம்மாள் யோசித்தாள். "வரும்போது என் பொண்ணு ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தா. இப்ப அவ பொண்ணு படிக்குது."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவள் காத்திருத்தலுக்குச் சான்றாள். அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருள் போய்விடும் என்பதால் யாரும் கூப்பிடுவதில்லை. எழுந்து ஒரேயடியாக வீட்டுக்குப் போய்விடலாமே என்றால், போனால் கடமை தவறியதாகும். காலையில் வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். மாதம் ஒருமுறை யாரோ வந்து, இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம்.

"நீங்க எந்தச் சொல்லுக்கு?" என்று கேட்டாள்.

"சாமர்த்தியம்."

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம்" என்றாள்.

பிரிவு அதிகாரி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரவேற்றார். "வாங்க வாங்க! உங்களாலதான் எங்க பிரிவுக்கே மரியாதை. எனக்குப் பதவி உயர்வுக்குப் பேர் போயிருக்கு தெரியுமா? என்ன வேணும்?"

"ஐயா, என்னை விட்டுடுங்கய்யா. எனக்குச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. என் வீட்டுக்காரியைக் கேளுங்க."

"அதை நீங்க சொல்லக் கூடாது. நாங்கதான் சொல்லணும். அதுக்குக் குழு கூடணும். குழு கூடி, சாமர்த்தியம்னா என்னன்னு பாத்து, நீங்க அதுக்குள்ள வரலன்னு முடிவு பண்ணா விட்டுடலாம்."

"சரிங்கய்யா. சாமர்த்தியம்னா என்னன்னு எழுதியிருக்கீங்க?"

பிரிவு அதிகாரி பெருமையோடு அகராதிப் பிரதியைத் திருப்பிக் காட்டினார். அதில் அச்சாகியிருந்தது: 'சாமர்த்தியம்: குழாய்க்காரர் செய்வது.'

குழாய்க்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "அப்ப நான் எது செஞ்சாலும்...?"

"ஆமா. அதுதான் இந்த முறையோட அழகே. தப்பே வராது."

அத்தோடு விடவில்லை. சொல்லின் பயன்பாடு எப்படி இருக்கிறது என்று நேரில் கண்டறியப் பயன்பாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவரைக் குழாய்க்காரர் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மனிதர். ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து, சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார். ஈரம் பட்டு முதுகு நனைந்ததும் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருந்ததே இரண்டு அறை. அதில் ஒரு அறை அரசாங்கத்துக்குப் போயிற்று.

ஆள் கெட்டவரில்லை. மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மனம் விட்டுப் பேசுவார். "உண்மையைச் சொல்லணும்னா, நாங்க வேகமா வேலை செய்யலாம்மா. செஞ்சா என்ன ஆகும்? அகராதி முடிஞ்சுடும். முடிஞ்சா எங்களை எங்க கொண்டு போடுவான்னு தெரியாது. எங்க பிரிவுல ஒருத்தன் இருந்தான், சின்ன வயசு. ஒரே மாசத்துல ஒரு எழுத்தையே முடிச்சிட்டான். அவனை மாத்தி மீன்வளத்துக்கு அனுப்பினாங்க. ஒவ்வொருத்தருக்கும் குடும்பம் இருக்குல்ல?"

"எங்களுக்கும் இருக்குதுங்க" என்றாள் மனைவி.

"அதான் நான் குறிச்சுக்கறேன்" என்றார் அவர். குறித்துக்கொண்டதை வைத்து என்ன செய்வார் என்று அவள் கேட்கவில்லை.

ஒருநாள் குழாய்க்காரர் தக்காளி வாங்கி வந்தார். பாதிக்கு மேல் அழுகல். எப்போதும் அப்படித்தான், கடைக்காரன் அடியிலிருந்து அள்ளிப் போடும்போது இவர் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் ஓடோடிப் போய் அறிக்கை கொடுத்தார். அடுத்த வாரமே திருத்தம் வெளிவந்துவிட்டது: அழுகிய தக்காளி வாங்குதலும் சாமர்த்தியத்தின்பாற்படும். பள்ளிக்கூடங்களுக்குச் சுற்றறிக்கை போயிற்று. பதவி உயர்வுக்குக் காத்திருந்த அலுவலர்கள் மேலதிகாரிகள் கண்ணில் படும்படியாக அழுகிய தக்காளியைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். சந்தையில் நல்ல தக்காளி மலிந்து, அழுகல் விலை ஏறிவிட்டது. அந்தக் காய்கறிக்காரன் மட்டும் குழாய்க்காரரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டான்.

குழாய்க்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. தான் எவ்வளவு பெரிய மடையன் என்று ஊரறியக் காட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் இல்லையா? மறுநாள் கொட்டுகிற மழையில், குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். கண்காணிப்பாளர் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தார். "அருமை. குடை நனையாம கொண்டு வர்றீங்க" என்றார். குழாய்க்காரர் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு முன்பின் தெரியாத ஆளிடம் கொடுத்தார். அதுவும் சேர்ந்தது. மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். படுத்துக் கிடப்பதும் சேர்ந்தது.

"ஏங்க இப்படி உயிரை விடறீங்க?" என்று மனைவி அழுதாள். "நீங்க என்ன கூத்தடிச்சாலும் அவங்க அதையும் எழுதிட்டுத்தான் போவாங்க. மாசம் முடியப்போகுது. பெட்டியில வச்ச பாத்திரமெல்லாம் பூஞ்சை பிடிக்குது. யார் கால்ல கையிலயாவது விழுந்து பாருங்க. ஊருல மத்தவங்கல்லாம் எப்படிக் காரியம் சாதிக்கறாங்க?"

பெஞ்சு அம்மாளும் அதையேதான் சொன்னாள். "ஆபீசுல வந்து கேட்டா சட்டம் பேசுவாங்க. அதிகாரி வீட்டுக்குப் போங்க. வீட்டுல எல்லாரும் மனுஷங்கதான். நான் போகல. எனக்கு எழுந்து போக முடியாது. உங்களுக்கு முடியுமில்ல?"

காய்ச்சல் விட்டதும் பைப் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பிரிவு அதிகாரியின் வீட்டுக்குப் போனார். எந்த வீட்டிலும் ஏதாவது ஒன்று ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். அங்கே நான்கு இடங்களில் ஒழுகியது. எல்லாவற்றையும் சரி பண்ணிக் கொடுத்தார். பிரிவு அதிகாரி வீட்டில் உண்மையிலேயே மனுஷனாகத்தான் இருந்தார். பக்கத்தில் உட்கார வைத்து டீ கொடுக்கச் சொன்னார். எதிர் சோபாவில் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, காலை நீட்டிப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம், பெண்டாட்டியோடு அக்கா வீட்டிலேயே இருக்கிறான், இன்னும் ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை என்று அதிகாரி சலித்துக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். உங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? என்னைக் கூடப்பிறந்தவனா நினைச்சு மனசுல உள்ளதைச் சொல்லுங்க" என்றார்.

யாரும் அப்படி ஆதரவாகக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. குழாய்க்காரர் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி, யார் கண்காணிப்பாளர், குவார்ட்டர்ஸ் எத்தனாவது மாடி, ஜன்னல் எந்தப் பக்கம், மாசக் கடைசி வரைக்கும்தான் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னது, மனைவியின் மூச்சு இழுப்பு.

"அப்படியா?" என்றார் அதிகாரி. "நிரந்தர வேலையா?"

"ஆமாங்கய்யா."

"குவார்ட்டர்ஸோடவா?"

"ஆமாங்கய்யா."

சோபாவில் கிடந்தவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். குழாய்க்காரர் அதைத் தன் துக்கத்துக்குக் காட்டிய மரியாதை என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நல்ல மனுஷன். காது கொடுத்துக் கேட்டார்" என்று சொன்னார்.

மாசக் கடைசிக்கு முன்னால் குழு கூடியது. குழாய்க்காரர் பதக்கத்தைத் துடைத்துக் குத்திக்கொண்டு போனார். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் புட்டி, நடுவில் வாரியத் தலைவர். மேசை மேல் மரியாதையாக ஒரு தட்டில் அழுகிய தக்காளி வைத்திருந்தார்கள். தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். குழாய்க்காரரின் மனு சம்பந்தமாக இரண்டு வார்த்தை பேசப்போவதாகச் சொல்லித் தொடங்கினார்.

"அன்பர்களே! சொல்லின் பொருள் மக்களிடம் இருக்கிறது என்று சிலர் வதந்தி பரப்புகிறார்கள். மக்களிடம் இருப்பது வெறும் பழக்கம். பொருள் நம்மிடம் இருக்கிறது. நான் இந்த நாற்காலிக்கு வந்தபோது அகராதி 'ச'வில் இருந்தது. இன்று 'சா'வில் இருக்கிறது. இந்த வளர்ச்சியை எவரும் மறுக்க முடியாது. இன்னும் வேகமாகப் போகலாமே என்கிறார்கள். முடிந்துபோன அகராதி எந்தக் குடும்பத்துக்காவது சோறு போட்டதுண்டா? எழுதிக்கொண்டிருக்கும் அகராதிதான் நாட்டுக்குப் பயன்படும் அகராதி!"

கைதட்டினார்கள். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு மேலும் உருக்கமானார்.

"என் மருமகன் வாரியத்துக்குக் காகிதம் கொடுக்கிறார் என்று எழுதுகிறார்கள். அவர் கொடுக்காவிட்டால் எதில் எழுதுவது? என் தம்பி இந்தக் கட்டடத்துக்கு வாடகை வாங்குகிறான் என்கிறார்கள். வாங்காவிட்டால் எங்கே உட்கார்ந்து எழுதுவது? இதையெல்லாம் ஒரு பத்திரிகை 'தலைவரின் சாமர்த்தியம்' என்று தலைப்புப் போட்டு எழுதியது. வழக்குத் தொடுத்தேன், போன வாரம் வென்றேன். எப்படி வென்றேன்? சட்டப்படி சாமர்த்தியம் என்பது இந்தக் குழாய்க்காரர் செய்வது மட்டுமே. நான் செய்வது நிர்வாகம்! இவரை நான் விட்டுவிட்டால் என் கதி என்ன? உங்கள் கதி என்ன?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேருக்கும் அந்தக் கவலை புரிந்தது. சாமர்த்தியம் என்ற சொல் ஒரு குழாய்க்காரன் தலையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்வரை தங்கள் தலையில் அது விழாது. அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி பரிசீலிக்கலாம் என்று முடிவாயிற்று.

"அடுத்த மாசமா?" குழாய்க்காரர் எழுந்துவிட்டார். "ஐயா, மாசக் கடைசிக்கு மேல வேலை நிக்காதுங்கய்யா. என் வீட்டுக்காரி அந்த ஈரத்துல படுத்துப் படுத்து மூச்சு விட முடியாம கிடக்கறா. எனக்குப் பதக்கம் வேணாம், பேரு வேணாம். என்னை முட்டாள்னு எழுதிக்குங்க. கழுதைன்னு எழுதிக்குங்க. ஒரே ஒரு கையெழுத்துப் போட்டு விட்டுடுங்கய்யா!"

குழாய்க்காரர் அங்கே குழந்தைபோல விம்மி அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை. மேசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெட்கத்தால் அல்ல, எழுதுவதற்காக. அழுகையும் சேர்க்கப்பட்டது. தலைவர் சிப்பந்தியைப் பார்த்து, "டேய், அந்த ஆளுக்குத் தண்ணி குடுடா, எனக்கு சாப்பாடு எடுத்து வை" என்றார்.

ஒன்றாந்தேதி குழாய்க்காரர் கையில் விடுவிப்பு இல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனார். கண்காணிப்பாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உங்களுக்காகத்தான் வச்சிருந்தேன். வாரியத்துல இருந்தே போன் வந்துச்சு. நீங்க வர மாட்டீங்க, வேற ஆளை அனுப்பறோம்னாங்க. பிரிவு அதிகாரியோட மச்சினனாம். காலையிலதான் சேந்தாரு" என்றார்.

"அந்தத் தம்பிக்குக் குழாய் வேலை தெரியுமா சார்?"

"எந்தப் பக்கம் திருப்பினா தண்ணி வரும்னு என்னைக் கேட்டாரு. கத்துக்குவாரு."

குழாய்க்காரர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கால்கள் பழக்கப்பட்ட வழியில் போய் வாரியத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மாள் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவருடைய மனு ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிரிவு அதிகாரியே எழுந்து முன்மொழிந்தார். "கைக்கு வந்த வேலையைப் படியேறிப் படியேறியே தொலைச்சவர் இவர். யாரைக் கேக்கணும், யார்கிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னுகூடத் தெரியல. எல்லா விவரத்தையும் கொட்டிட்டுப் போறார். இவரை சாமர்த்தியத்துக்குச் சான்றாளா வச்சிருந்தா நாளைக்கு வாரியத்தைத்தான் சிரிப்பாங்க. பெருந்தன்மையோட விட்டுடலாம்" என்றார். தலைவருக்குத் தன் வழக்கைப் பற்றிய பயம் இருந்தது. அந்தச் சொல் காலியாக இருக்காது, உடனே வேறு ஆள் தயார் என்று பிரிவு அதிகாரி காதோடு சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

ஆள் தயாராகத்தான் இருந்தான். ஒரு வேலையும் தெரியாமல், ஒரு படியும் ஏறாமல், படுத்த சோபாவிலிருந்தே நிரந்தர வேலையையும் குவார்ட்டர்ஸையும் பெற்றவன். மச்சினன் சட்டையில் பதக்கம் ஏறியது. அகராதி அச்சடிக்கத் தொடங்கிய நாள் முதலாக வாரியம் ஒரு சொல்லுக்குச் சரியான பொருள் கண்டது அந்த ஒரு முறைதான். அதுவும் தெரிந்து செய்ததல்ல. அவனை யாரும் வாரியத்தின் உடைமை என்று சொல்லி வேலையை விட்டு விலக்கவில்லை; அதற்குத் தனி விலக்கு ஒன்று வாங்கிக்கொண்டான்.

குழாய்க்காரருக்குத் தெரு வேலை முன்னைப்போல் திரும்பி வரவில்லை. சாமர்த்தியசாலி என்று ஒதுக்கியவர்கள், சாமர்த்தியம் இல்லை என்று வாரியமே நீக்கிய ஆளை எப்படி நம்புவது என்று ஒதுக்கினார்கள். உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்றாயிற்று. கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்தே கூப்பிட்டார்கள். மச்சினனுக்கு உதவியாகத் தினக்கூலிக்கு ஓர் ஆள் வேண்டும். மச்சினன் நிற்பான், இவர் குனிவார். சண்டை போட இவரிடம் தெம்பில்லை. போனார்.

ஒருநாள் மச்சினன் தன் குவார்ட்டர்ஸில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அவரை அங்கே அனுப்பினான். முதல் மாடி. இரண்டு பக்கமும் ஜன்னல், வெயில் கூடத்தின் நடுவரைக்கும் வந்திருந்தது. மச்சினனின் பெண்டாட்டி வெகுளியான பெண். டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்குரு முடுக்கத் தெரியாதுண்ணே. ஆனா எப்படியோ எல்லாம் நடக்குது. எங்கம்மா சொல்வாங்க, மாப்பிள்ளைக்குச் சாமர்த்தியம் ஜாஸ்தின்னு."

"ஆமாம்மா" என்றார் குழாய்க்காரர்.

வேலை முடிந்து பையை எடுத்தவர், போகிற போக்கில் சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுவென்று காய்ந்திருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"என்னண்ணே, அங்கயும் ஒழுகுதா?"

"இல்லம்மா. சும்மா பாத்தேன்."

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி படுக்கையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கொஞ்ச நாளாக அப்படித்தான் தூங்குகிறாள். அட்டைப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தன.

"இன்னிக்கு எங்க வேலை?"

"குவார்ட்டர்ஸ்ல."

அவள் தலையணையை விட்டு நிமிர்ந்தாள். பிறகு, "நம்ம வீட்டுலயா?" என்று கேட்டாள்.

"ம்."

"எப்படி இருக்கு? சுவரெல்லாம் எப்படி?"

குழாய்க்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பாமலே சொன்னார்.

"நல்லவேளை நாம போகல. அங்க இதைவிட ஈரம்."

"அப்படியா?" என்றாள். "அப்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு இருமத் தொடங்கினாள்.